ஆலத்தூர் கேட்டில் கடல் தொடங்குகிறது

“மாமா, இந்தப் பொங்கல் லீவுல கடலோரமா வண்டியில போயிட்டு வரலாமா?”

அக்கா மகன் கேட்டபோதே கையில் ஒரு தாளை வைத்திருந்தான். பெரம்பலூரில் கிளம்பிச் சிதம்பரம், பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, கோடியக்கரை என்று மூன்று நாள் கணக்கு போட்டிருந்தான். எங்கே தங்குவது, எந்த ஊரில் என்ன மீன் சாப்பிடுவது என்பதுவரை எழுதியிருந்தான். கல்லூரி முதலாண்டு படிப்பவன்; வண்டி உரிமம் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, ‘மூணு நாளெல்லாம் வேணாம்னு நீயே சொல்லிரு’ என்பதுபோல எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

“நல்ல பிளான்தான்டா. ஆனா முதல்ல ஒருநாள் ஒத்திகை பாத்துக்குவோம். நம்ம ஊர்க் கடற்கரைக்குப் போயிட்டு வருவோம்.”

“பெரம்பலூர்லயா? கடலுக்கு இங்கேருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல ஆகும் மாமா.”

“இப்பத்தான் அவ்வளவு தூரம்.”

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட நிலம் ஒருகாலத்தில் கடலாக இருந்தது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உள்ளே வந்த கடல், முன்னேறியும் பின்வாங்கியும் 4 கோடி ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே கிடந்தது. அப்போது இந்தியா ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, மடகாஸ்கர் பக்கத்தில் தனித்து நகர்ந்துகொண்டிருந்தது. இமயமலை பிறக்கவே இல்லை. அந்தக் கடல் விட்டுப்போன சேறும் மணலும் சிப்பியும்தான் இன்று நாம் பருத்தியும் மக்காச்சோளமும் விதைக்கிற மண்ணுக்கு அடியில் பாறையாகக் கிடக்கின்றன.

புறப்படும் முன்

எங்கள் ஒத்திகைக்கு நானும் ஒரு தாள் எடுத்தேன். கடலோரப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் கடலை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு வடக்கு தெற்காகக் கோடு இழுப்பார்கள். இங்கே அது உதவாது. இந்தப் பாறை அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்திருக்கின்றன. அதனால் மேற்கே இருப்பது பழையது, கிழக்கே போகப்போகப் புதியது. வண்டியைக் கிழக்கு நோக்கி விட்டால் காலத்தில் முன்னோக்கி வரலாம். எனவே மேற்கில் நெடுஞ்சாலை, காரை, சாத்தனூர், அரியலூர், கல்லங்குறிச்சி, வாரணவாசி, கரைவெட்டி என்று வரிசை போட்டேன். ஒரே நாள், அரை டேங்க் பெட்ரோல்.

மாதமும் முக்கியம். சித்திரை வைகாசியில் காரைப் பக்கம் போனால் ஒதுங்க நிழல் இருக்காது. ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தக் களிமண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுற்றவிடாது. மார்கழிக் கடைசியிலிருந்து மாசிவரை சரியான காலம். கிழமையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டு. ஆகவே பொங்கல் முடிந்த சனிக்கிழமையைக் குறித்தோம். முதல்நாள் செயினுக்கு எண்ணெய் விட்டு, டயரில் காற்றுப் பார்த்து, பிரேக்கை இறுக்கினோம். நான்கு லிட்டர் தண்ணீர், புளிச்சோறு, முழுக்கைச் சட்டை, மூக்கை மூட ஒரு துண்டு. துண்டு எதற்கு என்று அவன் கேட்டான். அரியலூர் வந்தால் தெரியும் என்றேன்.

நெடுஞ்சாலை: இதுதான் கரை

காலை ஆறு மணிக்குத் திருச்சி சாலையில் தெற்கே இறங்கினோம். பனி இன்னும் விலகவில்லை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் திறக்கும்; சனிக்கிழமையானதால் தெருவே அமைதியாக இருந்தது. வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தோம்.

ஆலத்தூர் கேட்டில் வண்டியை ஓரம்கட்டினேன். வலது பக்கம் தூரத்தில் பச்சைமலை மங்கலாகத் தெரிந்தது. அந்தப் பக்கமெல்லாம் பூமியின் மிகப் பழைய கெட்டிப் பாறை. இடது பக்கம் தாழ்ந்து விரியும் சமவெளி. கடல் வந்து முட்டி நின்றது ஏறக்குறைய இந்த இடத்தில்தான். நெடுஞ்சாலையைப் போட்டவர்கள் அறியாமலேயே பழைய கரையை ஒட்டிப் போட்டுவிட்டார்கள்.

“அப்ப இது ஈசிஆர்தானா மாமா?”

“ஆமாடா. என்ன, கொஞ்சம் லேட்டா வந்திருக்கோம்.”

கிழக்கே திரும்பினோம். கடலுக்குள் இறங்கியாயிற்று.

காரை: சேற்றின் அடியில்

காரை என்றால் நமக்குச் சுவரில் பூசும் சுண்ணாம்புக் காரை நினைவுக்கு வரும். வேலியில் முளைக்கும் காரைமுள்ளும் வரும். ஊருக்கு எதனால் அந்தப் பேர் வந்ததோ, ஊரைத் தாண்டிக் கொளக்காநத்தம் போகிற வழியில் பார்க்கிற நிலம் மட்டும் நிஜமாகவே காரை பெயர்ந்த சுவர்போல இருக்கிறது. இரண்டு பக்கமும் வயலாக வந்த பூமி திடீரென்று கிழிந்து பள்ளம் பள்ளமாக இறங்குகிறது. சாம்பல், மஞ்சள், செம்மண் நிறத்தில் குன்றுகள். அவற்றுக்கிடையே மழைநீர் அறுத்த நூற்றுக்கணக்கான ஓடைகள். புல்லும் பூண்டும் அரிது.

வண்டியைச் சாலையோரத்திலேயே பூட்டிவிட்டு நடந்தோம். பள்ளத்துக்குள் வண்டியை இறக்கிப் படம் எடுக்க ஆசை வரும். இறக்கக் கூடாது. காய்ந்த களிமண்ணின் மேல்தோல் பொருக்காக உடையும், சறுக்கும். ஒரு சக்கரத் தடம் விழுந்தால் அடுத்த மழைக்கு அதுவே புது ஓடையாகிவிடும்.

பத்தடி போனதும் அவன் குனிந்தான். கண்ணாடிச் சில்லுபோல ஏதோ வெயிலில் மின்னியது. பாட்டில் உடைந்து கிடக்கிறது என்று நினைத்துக் காலைத் தூக்கியவன், தொட்டுப் பார்த்துவிட்டு முழித்தான். அது ஜிப்சம். களிமண் அடுக்குகளுக்கு இடையில் தகடு தகடாக ஓடுகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி, விரல்நீளத்தில், துப்பாக்கித் தோட்டாவைப்போல ஒருமுனை கூரான கல் ஒன்று. கணவாய்க்கு உறவான பெலம்னைட் என்ற உயிரியின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி அது. கணவாயைக் குழம்பில் மட்டுமே பார்த்தவனுக்கு அதை நம்புவது கஷ்டமாக இருந்தது.

இதே களிமண்ணில் அம்மோனைட்டும் கிடைத்திருக்கிறது. ஆட்டுக்கொம்புபோலச் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த கடலுயிரி. நம் வீட்டுப் பூசையறைகளில் இருக்கிற, நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வருகிற சாளக்கிராமத்தைச் சொன்னால் சட்டென்று பிடிபடும். அதன் உள்ளே இருக்கும் சக்கரமும் அம்மோனைட்டின் தடம்தான். அங்கே இமயமலை தூக்கிக்கொண்டுபோன கடல், இங்கே தூக்க ஆளில்லாமல் அப்படியே கிடக்கிற கடல்.

எடுத்ததைப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். “ஒண்ணே ஒண்ணு மாமா” என்றான். வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று எடுத்தால், மழை மட்டும் அறுத்த இந்த இடத்தை நாமும் சேர்ந்து அறுத்தவர்கள் ஆவோம். மேலும், எந்த அடுக்கில் கிடந்தது என்பதில்தான் அந்தக் கல்லின் பெறுமானமே இருக்கிறது. அலமாரியில் அது வெறும் கல். மனமில்லாமல் வைத்தான்.

இந்த அடுக்குகளை முதலில் முறையாக அளந்து வரைபடமாக்கியவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. 1857 முதல் 1860 வரை இந்தப் பக்கம் சுற்றி, பாறைகளை மூன்று தொகுதியாகப் பிரித்தார்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். இன்றும் புவியியல் மாணவர்கள் இந்த மூன்று ஊர்ப் பெயரைப் படித்துத்தான் தேர்வு எழுதுகிறார்கள். இங்கே கிடைத்த உயிர்ச்சுவடுகளை வகைபிரித்துப் பெரிய தொகுதிகளாக எழுதியவர் மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. பின்னாளில் யார்க்கண்டு பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 1874-ல் லடாக் மலைகளில் இறந்துபோனார். லேயில் அவருக்குக் கல்லறை இருக்கிறது. அந்தக் காலத்தில் காளைமாட்டு வண்டியில் சுற்றியிருப்பார்கள். நாங்கள் அரைமணி நேரத்தில் கடந்த தூரத்துக்கு அவர்களுக்கு ஒரு பொழுது ஆகியிருக்கும்.

சாத்தனூர்: கரையிலிருந்து மிதந்து வந்த மரம்

சாத்தனூர்க் கல்மரம் ஓடைக்கரையில், வேலிக்குள் படுத்திருக்கிறது. 18 மீட்டருக்கு மேல் நீளம். ஆங்காங்கே துண்டுபட்டிருந்தாலும் அடியும் நுனியுமாக ஒரே மரம் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் புயலில் சாய்ந்த பனைமரம் என்று கடந்துபோய்விடலாம். கிட்டே போனால் நார், கணு, பட்டையின் வெடிப்பு எல்லாம் கல்லில் இருக்கின்றன.

இதை 1940-ல் உலகுக்குச் சொன்னவர் எம். எஸ். கிருஷ்ணன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியரும் அவரே. கடல் இங்கே கிடந்த காலத்து மரம் இது. பூக்கும் தாவரங்கள் பெருகுவதற்கு முன்பு நிலத்தை ஆண்ட ஊசியிலை மர வகையைச் சேர்ந்தது. கரையோரத்தில் வளர்ந்த மரத்தை ஆறு அடித்துக்கொண்டுவந்து கடலில் தள்ளியது. மணலும் களியும் மூடின. மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் கரைந்த சிலிக்கா புகுந்து, மரம் மக்க மக்க அதே வடிவில் கல்லாகிவிட்டது. பக்கத்தில் வரகூர், ஆனைப்பாடி ஊர்களிலும் சிறு துண்டுகள் கிடைத்திருக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்களோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அவை வயதில் மிகவும் இளையவை.

மரத்தைச் சுற்றி நடந்து அடி கணக்கிட்டான். “கடற்கரையில மரக்கட்டை ஒதுங்கிக் கிடக்குமே மாமா, அதே மாதிரி இருக்கு” என்றான். அதேதான். அத்தனை கோடி ஆண்டுக்கு முன் ஒதுங்கியதை இன்னும் யாரும் விறகுக்கு எடுத்துப்போகவில்லை.

வேலியோரப் புங்கமர நிழலில் புளிச்சோற்றைப் பிரித்தோம். அப்போது அவன் கேட்டான்: “ஸ்கூல்ல குமரிக்கண்டம் சொல்லித் தந்தாங்க. இதை ஏன் யாருமே சொல்லல?”

எனக்குப் பதில் இல்லை. நாம் கடல்கோளின் பிள்ளைகள். கடல் கொண்டுபோன நிலத்தை நினைத்து உருகுவது நம் ரத்தத்தில் இருக்கிறது. கடல் கொடுத்துவிட்டுப் போன நிலத்தில் நின்று சோறு சாப்பிடுகிறோம். அதை ஒருநாளும் நினைத்ததில்லை. கொஞ்சம் தெற்கே, திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றச் சொல்லி 1953 ஜூலை 15-ல் மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தது தமிழகம் முழுக்கத் தெரியும். ஆலை அங்கே வந்ததற்குக் காரணமான கல், பவளப்பாறைகளும் கடற்பாசியும் சேர்ந்து உருவான சுண்ணாம்புக்கல் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஊர்ப்பெயரிலேயே கல் இருக்கிறது. கல்லுக்குள் இருந்த கடலைத்தான் நாம் கேட்கவில்லை.

அரியலூர்: சிப்பி மேடும் லாரியும்

மதியத்துக்கு மேல் அரியலூரை நெருங்கினோம். துண்டு எதற்கென்று அவனுக்கு இப்போது புரிந்தது. எதிரே வரிசையாக லாரிகள். முன்னால் போகிற லாரியின் தார்ப்பாய் காற்றில் தூக்கித் தூக்கி அடிக்கும்போதெல்லாம் ஹெல்மெட் கண்ணாடியில் வெள்ளைப்பொடி விழுந்தது. இந்தச் சாலைகளில் வண்டி ஓட்ட ஒரு சட்டம் உண்டு: லாரியை முந்த அவசரப்படாதே, இரண்டு லாரிகளுக்கு நடுவில் மாட்டாதே, இருட்டியபின் ஓட்டாதே. ஆற அமர ஒதுங்கி ஒதுங்கிப் போனோம்.

வழியில் மருதையாறு. ஜனவரியிலும் நடுவில் மட்டும் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். 1956 நவம்பர் 23 விடியலில் இந்த ஆற்று வெள்ளத்தில்தான் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். நீர் வற்றிய ஊர் என்று எந்த ஊரையும் அலட்சியமாகச் சொல்லிவிட முடியாது.

கல்லங்குறிச்சிப் பக்கம் சாலையோர டீக்கடையில் நிறுத்தினோம். பக்கத்தில் கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றின் விளிம்பு தெரிந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். படிப்படியாக வெட்டப்பட்ட மஞ்சள்வெள்ளைச் சுவர். அடியில் பச்சைத் தண்ணீர். சுவரில் ஒரு பட்டை முழுக்க உள்ளங்கை அளவு சிப்பிகள் அடுக்கடுக்காக, செங்கல் வரிசைபோல. கிரைஃபியா என்ற சிப்பி வகை. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆழமில்லாத கடலில் கூட்டம் கூட்டமாக வாழ்ந்து, ஒன்றின்மேல் ஒன்று செத்து, மேடாகிப் பாறையாகிவிட்டவை. அரியலூரின் சிமெண்ட் ஆலைகள் இந்த மாதிரிக் கல்லை நம்பித்தான் வந்தன. அரசு ஆலை 1979-ல் தொடங்கியது. பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன.

கடையில் உட்கார்ந்திருந்த ஆயா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். “என்னடா தம்பி குழிய அப்புடிப் பாக்குற?”

“சிப்பி பாக்குறேன் ஆயா.”

“அது கெடக்கு எங்க பாத்தாலும். எங்க மாமியா காலத்துல கிளிஞ்சச் சுண்ணாம்புதான் வெத்தலைக்கு ருசிம்பாங்க. இதுவும் கிளிஞ்சதானே?”

மூன்று தொகுதி, நான்கு காலகட்டம் என்று காலையிலிருந்து நான் விளக்கிக்கொண்டு வந்ததை ஆயா ஒரு வரியில் முடித்துவிட்டார். சென்னையில் எழும்புகிற அடுக்குமாடியின் தூணிலும், எங்கள் வீட்டு மொட்டைமாடித் தளத்திலும் இருப்பது வெந்து பொடியான அந்தக் கிளிஞ்சல்தான். வேலையும் வருமானமும் அது தருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 4 கோடி ஆண்டு கடல் சேர்த்த கணக்கை அரை நூற்றாண்டில் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். எதையெல்லாம் வெட்டாமல் விட்டுவைப்பது என்று இப்போதே குறித்துவைக்காவிட்டால், என் அக்கா பேரன் வரும்போது காட்ட லாரித்தடம்தான் மிஞ்சும்.

கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாளை எட்டிப் பார்க்காமல் வர முடியாது. இங்கே பெருமாளுக்கு உருவச்சிலை கிடையாது. நெடிய கம்பம்தான் மூலவர். காணாமல்போன பசு, விழுந்து கிடந்த கம்பத்தின்மேல் பால் சொரிந்து நின்றதாகச் சொல்லும் கதை. மண்ணில் புதைந்து கிடந்ததை ஒரு மாடு அடையாளம் காட்டி, மனிதர்கள் நிமிர்த்திக் கும்பிட்டார்கள். புதைந்து கிடப்பதற்கு மதிப்புக் கொடுக்கத் தெரிந்த ஊர்தான் இது.

வாரணவாசி: தொலைந்த எலும்பு

தஞ்சாவூர் சாலையில் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தபோது, வெயிலில் காய்ந்த கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. காலையில் கீழே வைத்துவிட்டு வந்த பெலம்னைட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கண்டதும், “நம்ம ஆளு” என்றான்.

அவனுக்கு டைனோசரைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருந்தது. கடல் பின்வாங்கிய கடைசிக் கட்டத்தில், ஆறுகள் ஓடிய சமவெளியில் டைனோசர்கள் நடமாடின. கல்லமேடு என்ற ஊர்ப்பக்கம் கிடைத்த பெரிய எலும்புகளுக்கு, யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் 1980களில் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பேருடல் கொண்டது என்று பொருள். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டது, பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று மாறியது. உலகின் மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் உறுதிசெய்ய எலும்பு இல்லை. களிமண்ணில் ஊறியிருந்தவை வெளியே எடுத்தபின் நொறுங்கிப்போய்விட்டன. வரைபடமும் சில புகைப்படமும்தான் மிச்சம்.

இன்னொரு வேடிக்கையும் சொன்னேன். 2020-ல் குன்னம் ஏரியில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. வந்து பார்த்த வல்லுநர்கள், அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகள் என்றார்கள். கூட்டம் கலைந்துவிட்டது. டைனோசர் என்றால் ஓடி வருகிறவர்கள், கடல் என்றால் வருவதில்லை.

கரைவெட்டி: கடைசித் தண்ணீர்

வெயில் சாயும் நேரத்துக்குக் கரைவெட்டி ஏரிக்கரை. பகல் முழுக்கக் காய்ந்த கடலில் ஓட்டிவிட்டு வந்த கண்ணுக்கு முன்னால் திடீரென்று தண்ணீர் விரிந்தது. மேட்டூர் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிறைக்கும் ஏரி. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சுமார் 454 ஹெக்டேர். எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரிந்தது. தூரத்தில் ஒரு வாத்துக் கூட்டம் எழுந்து, வட்டமடித்து, மறுபடி உட்கார்ந்தது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி இங்கே வருகின்றன. காலையில் நாங்கள் நின்ற கடலின் காலத்தில் பிறந்தேயிராத மலை அது.

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு பையிலிருந்து பழைய தாளை எடுத்து, சிதம்பரத்துக்கு மேலே ‘ஆலத்தூர் கேட்’ என்று எழுதிச் சேர்த்தான். “மூணு நாள் ட்ரிப்புக்கு இதான் மாமா முதல் நாள். இங்கேருந்து தொடங்கினாத்தான் கடல் எங்க போச்சுன்னு தெரியும்.”

இருட்டுவதற்குள் லாரிச் சாலையைத் தாண்ட வேண்டும் என்று கிளம்பினோம். வீடு வந்து வண்டியை வாசலில் நிறுத்தியபோது மட்கார்டிலிருந்து எங்கள் புருவம்வரை வெள்ளை. அக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

“எங்கடா போயிட்டு வர்றீங்க, சிமெண்ட் மூட்டை தூக்கவா?”

“கடலுக்கும்மா.”

அவள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கடலுக்குப் போனவங்க ஒரு கிலோ மீன் வாங்கிட்டு வரக்கூடாதா?”